களித் துடுப்பும் பஸ் இஞ்சினும்

ஆசை மாப்பிள்ளைக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்திலாவது இஞ்சின் ஆயில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா? இங்கே யுத்தம் இன்னும் ஓயவில்லை. ஆயில் என்றாலே கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். உன் பஸ்ஸோ ஊற்ற ஊற்ற ஒழுகியது.

கம்பைநல்லூர் போய்த் தருமபுரி திரும்புவதற்குள் இஞ்சின் அடியெல்லாம் நனைந்துவிடும். மூட்டுகளில் ஒழுகலை அடைக்கும் பேக்கிங்கை மாற்றினேன், போல்ட்டுகளை முறுக்கினேன். கேட்டால்தானே! எரிச்சலில் சக்கரத்தை உதைத்து என் கால் விரல்தான் வீங்கியது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "அவரு போனதுல இருந்து வண்டி அழுவுதுங்க. ஒரு சேவல அறுத்து உடுங்க" என்றார்கள். அறுத்தோம். சேவல் போனது, ஒழுகல் போகவில்லை. உன் பெண்டாட்டி, என் தங்கை மாதம்மா, அந்தப் பேச்சை நம்பியேவிட்டாள். "அது அழுவறதப் பாக்க முடியலண்ணா, வித்துடு" என்றாள். அவள் வீட்டில் உலை கொதிப்பதே அந்த வண்டியால்தான். விற்றுவிட்டு என்ன செய்வாள்?

நேற்று கோபத்தோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். இஞ்சினின் மூச்சுக்குழாய் வாயில் ஒரு கட்டை இறுக்கி அடித்திருந்தது. ஆயில் ஊற்றும் மூடியின் துளைகளில் தார். ஏனய்யா இப்படி? போவதற்குச் சில நாள் முன்புதான் செய்திருப்பாய். குழாய் நுனியில் இரண்டு சொட்டு வடிவது உனக்குப் பொறுக்கவில்லை, அடைத்தாய். மண்ரோட்டுத் தூசிக்குப் பயந்து மேலேயும் அடைத்தாய். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் புகை எந்த வழியாகத்தான் வெளியேறும்? உள்ளேயே முட்டிக்கொண்டு, கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளியிருக்கிறது. கஞ்சப் பயலே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்திருக்கக் கூடாதா?

கட்டையைப் பிடுங்கி, தாரைச் சுரண்டிவிட்டு, இன்று கம்பைநல்லூர் போய் வந்தேன். குழாய் நுனியில் அந்த இரண்டு சொட்டு மட்டும்தான்.

கட்டையை மாதம்மாவிடம் கொடுத்தேன். அதிலிருந்த கருகல் தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா, இது நான் களி கிண்டுற துடுப்போட காம்பு! இதக் காணோம்னு மாமியாகிட்ட எவ்வளவு சண்ட போட்டேன்! பக்கத்துலயே ஒக்காந்து களி தின்னுக்கிட்டு, பாவி மனுசன் வாயத் தொறக்கலியே!"

சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, "வண்டி இருக்கட்டும்ண்ணா. எனக்கு ஒரு துடுப்பு வாங்கிக் குடு" என்றாள்.

வாங்கித் தருகிறேன் மாப்பிள்ளை. வண்டியையும் விற்க மாட்டேன். அதன் மூச்சை அடைக்க இனி எவன் வந்தாலும் கையை முறித்துவிடுவேன்.

கோபம் இன்னும் தீராத,
உன் மச்சான்