நாலு கிலோ கூடிவிட்டேன்

அன்புள்ள நைனாவுக்கு, ஷார்ஜாவிலிருந்து தேசிங்கு கும்பிட்டு எழுதுவது.

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரை போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

வேலை விட்டு வந்ததும் அறையிலேயே உடற்பயிற்சி செய்கிறேன். தண்ணீர் கேனில் மணல் நிரப்பித் தூக்குகிறேன். வாரத்துக்கு ஒரு சொம்பு மணல் கூட்டுகிறேன். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டியும் இழுத்தேன். ஒருநாள் கம்பி பெயர்ந்து மல்லாந்து விழுந்தேன். அடி ஒன்றுமில்லை, கம்பியை மாட்டிவிட்டோம். கூடத் தங்கியிருக்கும் தேனிக்காரர் சிரித்துவிட்டு, "உடம்பச் சாய்ச்சு இழுத்தா கை எப்பிடிப்பா தேறும்?" என்றார். நம் கரையில் பெரிய வலையை அப்படித்தானே இழுக்கிறோம், அந்தப் பழக்கம். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து கையால் மட்டும் இழுக்கிறேன். நாலு கிலோ கூடிவிட்டேன்.

முட்டை தின்று சலித்துவிட்டது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஷீர் அண்ணன் திரும்பும்போது காய்ந்த இறால் கொடுத்தனுப்புங்கள். நம் வலையின் பழைய கயிறும் ஒரு பாகம் வேண்டும். இங்கே வாங்கிய கயிற்றில் உப்பு வாசனையே இல்லை.

"ஓரமா நில்லுடா, கயிறு உன்னையே இழுத்துனு பூடும்" என்று அன்று வலை இழுக்கும்போது எல்லார் எதிரிலும் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை. அண்ணன் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். தை மாதம் வருவேன். வலை இழுக்கும்போது நீங்கள் ஓரமாக உட்காருங்கள் நைனா. உங்கள் இடத்தில் நான் நிற்கிறேன்.

தேசிங்கு