டம்ளர் விளிம்பில் ஒரு சத்தம்

அக்கா, காலையில் உன் மகள் பிலோமி வந்திருந்தாள். எனக்குக் காப்பி ஊற்றினாள். சொம்பின் வாய் டம்ளர் விளிம்பில் ணங் என்று தொட்டது. அந்தச் சத்தத்தில் காசிமேட்டுக் கடல் ஒரு நொடி அலையடிப்பதை நிறுத்திக்கொண்டது. நீ நம்பமாட்டாய். நான் சொன்ன எதைத்தான் நம்பியிருக்கிறாய்?

எண்ணூரில் எருமை அளவு இறால் பிடித்தவன் நான். துறைமுகத்துக் கிரேன் மக்கர் செய்த நாளில் கப்பலையே ஒற்றைக் கையால் தூக்கி வைத்தவன். அப்பேர்ப்பட்ட உன் தம்பியின் பொய்கூட பல வருஷம் முன்னால் ராயபுரம் வீட்டில் ஒரு வாரம் எடுபடவில்லை.

பிலோமிக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. விளக்கு வெளிச்சம் பட்டால் இடது கண்மணி பூனைக்கண்போல வெள்ளையாய் மின்னியது. தெருவே அதை அழகென்று கொண்டாட, நீ மட்டும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். டாக்டர் மறைக்கவில்லை. கண்ணுக்குள் புற்று. விட்டுவைத்தால் நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடும். கட்டி சின்னதாக இருந்தால் எக்ஸ்ரே கதிர் வைத்துப் பார்க்கலாம், சீமையில் ரேடியம்கூட வைக்கிறார்களாம். இவளுக்கோ கண்ணையே அடைத்துவிட்டது. வலது கண்ணில் ஒன்றுமில்லை. இடது கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைக்க வழியுண்டு, தாமதிக்காதீர்கள் என்றார்.

உன் வீட்டுக்காரர், என் மாமா, சம்மதிக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை மூட்டையாய்ச் சுமக்கிற மனிதர், ஒரு பேனாவைத் தூக்கிக் கையெழுத்துப் போட முடியாமல் திரும்பிவந்தார். ஒற்றைக் கண்ணோடு பெண்பிள்ளை எப்படிப் பிழைக்கும், எவன் கட்டுவான் என்று சுவரைப் பார்த்தே பேசினார்.

மறுநாள் விடிந்ததும் பழைய புடவையைக் கிழித்து உன் இடது கண்ணைக் கட்டிக்கொண்டாய். மெட்ராஸ் ஐ என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்தினார்கள். உன்னால் தண்டையார்பேட்டை வரைக்கும் ஊரே காலி என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை.

"ஒத்தக் கண்ணால இன்னா முடியும், இன்னா முடியாதுன்னு பாத்துக்கினு கீறேன். நீ போய் வேலையப் பாருடா."

தண்ணீர் பிடித்தாய். சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்தாய். தண்டவாளம் தாண்டி மார்க்கெட்டுக்குப் போய் வந்தாய். உனக்குத் தெரியாதென்று நினைத்து நானும் பின்னாலேயே வந்தேன். எல்லாம் நடந்தது. சாயங்காலம் மாமாவுக்கு ஊற்றிய காப்பிதான், ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல், டம்ளரை விட்டுத் தரையில் ஓடியது. மறுபடி ஊற்றினாய். மறுபடியும் தரைக்கே போனது. பார்த்தாயா என்பதுபோல் மாமா நிமிர்ந்தார். நீ சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் ணங் என்று வைத்துக்கொண்டு, அப்புறம் சாய்த்தாய். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"கத்துக் குடுத்தா ஊத்தப் போறா. கத்துக் குடுக்கப் புள்ள உசுரோட வோணும்ல?"

மாமா அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதார். விடிந்ததும் அவரே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு முன்னால் நடந்தார்.

பிறகு கண்ணாடிக் கண் வந்தபோது, சீமை ராணியே கழற்றி அனுப்பினாள் என்று பிலோமியிடம் அளந்தேன். அப்போ ராணிக்குக் கண்ணு என்று கேட்டு அவள் ஒரு பொழுது முழுக்க அழ, நீ துடைப்பத்தோடு என்னைத் தெருக்கோடிவரை விரட்டினாய். இப்போதும் அதே அளவுக்குப் பொய் சொல்கிறேன், அக்கா. விரட்டத்தான் நீ உயிரோடில்லை.

பிலோமிக்குத் தலை நரைத்துவிட்டது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனாலும் தனியாக இருக்கும்போது சொம்பை விளிம்பில் தொட்டுத்தான் ஊற்றுகிறேன். ணங் என்றதும் அடுப்படியில் நீ திரும்பிப் பார்க்கிறாய். இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.