தட்டிவிட்டு வாருங்கள்

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அசனாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். கட்டார் வெயிலுக்குள் லொறி ஓட்டுகிற உங்களையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவள் ஏன் பேனையைத் தூக்கினாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் வாய் திறந்தால் மகள் பக்கத்தில் வந்து நிற்கிறாள், மருமகன் கதவடியில் நிற்கிறார், நீங்களும் அந்தப் பக்கத்தில் பொறுமை, பொறுமை என்று என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குள் யாரும் குறுக்கே விழ ஏலாது. லீவு முடிந்து திரும்பிப் போகும் பக்கத்து வீட்டு இன்ஷாப்பிடம் கொடுத்துவிடுகிறேன். முழுவதையும் வாசித்த பிறகுதான் போன் எடுக்க வேண்டும்.

இருமல் நின்றதா? கருஞ்சீரகமும் கொஞ்சம் மாசிக் கருவாட்டுத் தூளும் பார்சலில் இருக்கின்றன. அறையில் இருக்கிற மற்றவர்களுக்குப் பங்கு வைத்துவிட்டு வெறும் கையோடு இருக்காதீர்கள்.

நான் ஹோட்டலில் போய்த் தங்கிய கதையை அசனா உங்களுக்குத் தன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பாள். என் பக்கத்தை இப்போது கேளுங்கள். மருமகன் றுவைஸ் வெள்ளைக்காரரை வான் வண்டியில் ஏற்றி இறக்குகிறார் அல்லவா, அந்தப் பழக்கத்தில் கப்பல்துறைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் எனக்கும் தங்கச்சி ஜெஸ்மினுக்கும் ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்தார். உம்மா ஒருநாளாவது ஆறுதலா இருந்திட்டு வாங்கோ என்று மகள் என் பையைத் தானே அடுக்கிக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளையை வளர்த்ததில் என்ன குறை வைத்தேன் என்று பெருமையாகத்தான் வண்டியில் ஏறினேன்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்து பங்களா அது. கேற்றிலிருந்து வாசல் வரைக்கும் மரங்கள்தான். ஜன்னலைத் திறந்தால் குடாக்கடல், அந்தக் கரையில் நம்முடைய ஊர்ப் பக்கம் மங்கலாகத் தெரிந்தது. குளியலறை நாங்கள் சமைக்கிற குசினியை விடப் பெரிது. துவாயை அன்னம் போல மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். அதைக் குலைக்க மனமில்லாமல் ஜெஸ்மின் கடைசி வரைக்கும் முந்தானையால்தான் முகம் துடைத்தாள்.

அஸர் தொழுதுவிட்டு இருந்தோம், யாரோ கதவைத் தட்டினார்கள். வாங்க என்று ஜெஸ்மின் குரல் கொடுத்தாள். யாரும் வரவில்லை. திரும்பவும் மெதுவாகத் தட்டுகிற சத்தம். நான் போய்த் திறந்தால், தேத்தண்ணித் தட்டோடு ஒரு பெண் நிற்கிறா. தம்பலகாமத்து ஆள், பெயர் கமலாதேவி. உள்ளுக்கு வரலாமோ அம்மா என்று கேட்டா. பகல் எங்களுக்கு அந்த அறையைத் திறந்துவிட்டதே அவதான், திறப்புக் கோர்வையும் அவ இடுப்பில்தான் கிடக்கிறது. ஏன் பிள்ளை, திறப்பு உங்களிட்டத்தானே இருக்கு என்று கேட்டேன். ஓம் அம்மா, எண்டாலும் நீங்கள் இருக்கிற மட்டும் இது உங்கட அறை, முதலாளி வந்தாலும் தட்டிப்போட்டுத்தான் வரோணும் என்றா.

இந்த வயது வரைக்கும் என்னிடம் யார் உள்ளே வரலாமா என்று கேட்டார்கள்? நம் வீட்டில் கதவு இருந்தும் சீலைதான் தொங்குகிறது. நான் உடுப்பு மாற்றினாலும், அழுதாலும், தலைவலியோடு சுருண்டு கிடந்தாலும் சீலையை விலக்கிக்கொண்டு ஆள் வந்துவிடும். கத்தரிக்கோல் எங்கே, சீனி எங்கே, சேட்டுக்குப் பொத்தான் தைத்தாச்சா. நீங்களும் அப்படித்தான், மறுக்க வேண்டாம். அதற்குப் பிறகு கமலாதேவி தட்டும்போதெல்லாம் கொஞ்சம் பொறுத்துத்தான் போய்த் திறந்தேன். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் பகல் வீட்டுக்கு வந்தால் என் அறையில் பெயின்ட் வாசம். உள்ளே ஒரு மனிதர் ஏணியில் நின்று சுவருக்கு நிறம் பூசுகிறார். என் கட்டில் இல்லை, தையல் மெசின் இல்லை, உடுப்பெல்லாம் உரப்பைகளில் கட்டிக் கிடக்கிறது. அலுமாரி மட்டும் வாசலுக்குள்ளால் போகாமல் நின்றுவிட்டது. அதற்கு இருந்த ரோசம் வேறு யாருக்கும் இருக்கவில்லை. நான் இருக்கிற இந்த முன்னறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடப் போகிறார்களாம். எனக்கு, தேங்காய் போட்டு வைக்கிற பின்னறையாம். வெள்ளை பூசி, புது ஃபேன் மாட்டி, பூப்போட்ட சீலையும் தொங்கவிட்டிருந்தார்கள். உம்மா பாருங்களன், எவ்வளவு வடிவா இருக்கு என்று மகள் சிரித்துக்கொண்டே காட்டினாள். ஒருநாள் ஆறுதல் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகளுக்கு வீடு கொடுப்பது நம் ஊர் வழக்கம். முழு மனத்தோடுதான் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், வீடு அசனாவுடையது. ஆனால் நான் படுத்து எழும்பும் அறைக்குள் வந்து, நான் இல்லாத நேரம் பார்த்து, என் உள்ளாடை வரைக்கும் உரப்பையில் கட்ட யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. முன்கூட்டியே கேட்டிருந்தால் நானே விட்டுக் கொடுத்திருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை. அதனால் கொடுக்கவில்லை.

ஏணியில் நின்றவரை இறங்கச் சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு நானும் ஜெஸ்மினும் கட்டிலைத் திரும்ப முன்னறைக்குத் தூக்கினோம். வாசலில் அது இறுகி நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் றுவைஸே வந்து ஒரு மூலையைப் பிடித்தார். நன்றி சொல்லவில்லை. கொண்டுபோனவரும் அவர்தானே. மாமி, வாற மாசம் ஆக்கள் வரப் போறாங்க, நான் என்ன செய்ய என்றார். பின்னறையைக் கொடுங்க மகன் என்றேன். புது ஃபேன் இருக்கிறது, பூச்சீலை இருக்கிறது. அசனாவின் உம்மாவுக்குப் போதுமென்றால் வெள்ளைக்காரனுக்கும் போதும்.

அசனா அழுதாள். அவள் அழுதால் எனக்கும் தாங்காது, நானும் அழுதேன், ஆனால் கட்டிலில் இருந்து எழும்பவில்லை. அப்போதுதான் அவள் சொன்னாள், வாப்பாட்டயும் கேட்டனாங்கள், வாப்பா ஓம் எண்டவர் என்று. பாதிச் சுவர் நீலமும் பாதிச் சுவர் பழைய மஞ்சளுமாக நின்ற அறையில் இருந்து அதைக் கேட்டேன். மகள் மேல் வந்த கோபம் ஒன்றுமில்லை, உங்கள் மேல் வந்ததுதான் கோபம். அங்கிருந்து சவர்க்காரம் வாங்கி அனுப்பக்கூட எந்த மணம் வேண்டும் என்று என்னிடம் கேட்கிற மனிதன், இதை மட்டும் ஏன் கேட்கவில்லை?

அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவின் உள்பக்கம் கொண்டி வைத்துவிட்டேன். சீலையைக் கழற்றியாகிவிட்டது. உள்ளே வருகிறவர் தட்டிவிட்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல்நாள் மகள் நேரே வந்தாள். வெளியே போய்த் தட்டிவிட்டு வா மகள் என்றேன். கதவு உடையும்படி தட்டினாள். வா மகள், இரு என்று பக்கத்தில் இருத்தித் தலைவாரி விட்டேன். இப்போது மெதுவாகத் தட்டுகிறாள். றுவைஸ் முற்றத்திலிருந்தே இருமிக்கொண்டு வருகிறார், அதுவும் ஒரு முன்னேற்றம்தான். ஊரில் என்னைப் பற்றி, சுஹைராவுக்கு ஹோட்டல் காற்றுப் பட்டுவிட்டது என்கிறார்களாம். பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

பிள்ளைகளோடு மல்லுக்கட்டாதே, நான் ஹஜ்ஜுக்குப் பிறகு ஒரேயடியாக வந்துவிடுவேன், பின்னறை நம் இரண்டு பேருக்கும் போதும் என்று நீங்கள் குரல்பதிவு அனுப்பியிருந்தீர்கள். மகள் எல்லோருக்கும் கேட்கத்தான் போட்டாள். அதற்கு என் பதில் இது: எனக்குப் போதாது. மீதிச் சுவருக்கு நீலம் பூசுவதா மஞ்சள் பூசுவதா என்பதையும் நான்தான் முடிவு செய்வேன். மஞ்சள்.

நீங்கள் வாருங்கள். பாலைவனத்தில் தேய்ந்த உடம்பை அல்லாஹ் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன். கட்டிலில் சுவரோரம் உங்கள் பக்கம் அப்படியே கிடக்கிறது, நான் அங்கே புரளுவதில்லை. சூட்கேசை வாசலில் வைத்துவிட்டு, ஒரு தடவை தட்டுங்கள். எந்த நேரமானாலும் உடனே எழும்பி வந்து திறப்பேன். உங்களை மட்டும் காக்க வைக்க மாட்டேன்.

துஆவுடன்,
முன்னறையிலிருந்து,
சுஹைரா.