பின்பக்கத் தகடும் கோல்வினின் மகளும்

கபண்டா,
மார்ச் 9

அன்பு மகள் மெரினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் வலது தோள்பட்டையைச் சேர்க்காவிட்டால். நீயும் அங்கே பெர்கனில் நலமாக இருப்பாய் என்று நம்பத்தான் பார்க்கிறேன், ஆனால் போன வாரம் போனில் இரண்டு தடவை இருமினாய், கேட்டதற்கு இல்லவே இல்லை என்றாய். கப்பல் பட்டறையில் வெல்டிங் புகையை விழுங்கிக்கொண்டு நிற்காதே, முகமூடி போட்டுக்கொள். இங்கே பத்து நாளாக வெயில் நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை, ஷெட்டில் சுத்தியலைத் தொட்டால் கை பொரிகிறது. அம்மா நெட்பால் க்ளப் கான்டீனுக்கு இறைச்சி அடைத்த பேஸ்டி சுட்டே களைத்துப் போகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

என்னைப் போலவே பழைய கார் பைத்தியமான கோல்வின் ஹாக்ரிட்ஜைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவன் மகள் டாம்சின் பிரிஸ்பேன் வேலையை விட்டுவிட்டு நவம்பரிலேயே வீட்டோடு வந்துவிட்டாள், தினமும் காலையில் அப்பனும் மகளும் ஷெட்டில் அவனுடைய பழைய டாட்ஜ் காருக்குத் தகடு உருட்டுகிறார்கள். பெரிய தகட்டை வளைக்க உருளை இயந்திரத்தில் விட்டால் இந்தப் பக்கம் ஒருவர் தள்ள வேண்டும், அந்தப் பக்கம் ஒருவர் தாங்கி இழுக்க வேண்டும், உனக்குத் தெரியாததா. நீ போனபிறகு அந்தப் பக்கத்தில் எனக்கு ஆள் இல்லை. அம்மா ஒரு நாள் பிடித்தாள், விரல் நசுங்கப் பார்த்தது, அதோடு ஷெட் பக்கமே வருவதில்லை. கோல்வின் வீட்டைத் தாண்டினால் உருளை கிறீச்சிடுவதும் அவர்கள் சிரிப்பதும் கேட்கிறது, அதனால் இப்போது பேக்கரிக்குச் சுற்றுவழியாகப் போகிறேன். பப்பில் வேறு அவன் எல்லார் காதிலும் விழும்படி "எம் பொண்ணு பிடிச்சா தகடு தானா வளையுதுப்பா" என்கிறான். எனக்கு வயிறு எரிகிறது மெரின், வயதான காலத்தில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்த எரிச்சலில்தான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். நம் டாட்ஜின் பின்பக்கத்தை எந்தப் புண்ணியவானோ யுத்த காலத்தில் ஆடு ஏற்றுவதற்காக அறுத்துவிட்டான் இல்லையா, அந்த வளைவுக்கு அச்சு எடுக்க, பின்பக்கம் முழுசாக இருக்கிற டாட்ஜ் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கோல்வினிடம் மட்டும்தான். கேட்டால் கொடுத்திருப்பான். கேட்க வாய் வரவில்லை. பர்ரா ஊர் கார் கண்காட்சியில் அவன் சாப்பிட உள்ளே போன நேரம் பார்த்து, கார் பின்னால் மண்டி போட்டு, அட்டையை வைத்து வளைவை இஞ்ச் இஞ்சாக வரைந்து வெட்டிக்கொண்டேன். அப்புறம் மூன்று வாரம், தனி ஆளாக, மூன்று துண்டாக உருட்டி ஒட்டவைத்துத் தேய்த்தேன், தோள் போனது அதில்தான். அட்டையை வைத்துப் பார்த்தால் முடி நுழைய இடமில்லை. யாருடைய மகளும் இல்லாமலே செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோல்வினையே வரச் சொல்லிக் காட்டினேன்.

அவன் கண்ணால் பார்க்கவில்லை, உள்ளங்கையால் மெதுவாகத் தடவினான். இடதுபக்கம் வந்ததும் கை நின்றது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான் பார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அடேய் ராஸ், இது டாட்ஜ் இல்லடா, எங்க வீட்டு கேட் கம்பம்!" என்றான். ஆறு வருஷத்துக்கு முன் மழையில் ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தில் இடித்துவிட்டானாம், தட்டி எடுத்து, பள்ளத்தில் பட்டி பூசி, பெயின்ட் அடித்து ஒருவரிடமும் மூச்சுவிடவில்லையாம். இடதுபக்கம் அரை விரல் சப்பை. அவனுடைய அந்தக் கோளாறை நான் மூன்று வாரம் தோளைக் கொடுத்து அப்படியே செய்து வைத்திருக்கிறேன். என் முகம் செத்துவிட்டது. எப்போது அச்சு எடுத்தாய் என்று அவன் கேட்கவே இல்லை, அது இன்னும் மோசம். "வலதுபக்கம் சுத்தமா இருக்கு, அந்தப் பக்கத்து அச்ச எடுத்து இடதுக்குத் திருப்பிப் போடு. ஆனா தனியா உருட்டாத, செத்துத் தொலைவ. டாம்சின அனுப்பறேன்" என்றான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அம்மா சமையலறை ஜன்னலிலிருந்தே முந்திக்கொண்டு "அனுப்பு கோல்வின், இவருக்கு நாக்கு மட்டும்தான் நல்லா வேலை செய்யுது" என்றாள். திங்கட்கிழமை டாம்சின் வந்தாள், வந்ததும் ஆணியில் தொங்கிய உன் தோல் ஏப்ரனில் கை வைத்தாள். அதை எடுக்காதே என்று கத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி அங்கிள், உங்களோடதக் குடுங்க, நீங்க சட்டையைக் கெடுத்துக்கோங்க" என்றாள். இரண்டே நாளில், ஒரே தகடாக, ஒட்டு இல்லாமல் முடிந்துவிட்டது. காரில் வைத்தபோது கோல்வின் இடதுபக்கத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்துத் தலையாட்டினான், அவனிடமிருந்து அதுதான் பெரிய பாராட்டு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வேலை முடிந்து அப்பனும் மகளும் ஒரே யூட் வண்டியில் ஏறிப் போனார்கள், அதைப் பார்த்துக்கொண்டு கேட்டில் நின்றேன். அவன் கார் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் பொறாமை கிடையாது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், டாம்சின் உன்னைவிட நன்றாகப் பிடிக்கிறாள். நீ அவசரப்படுவாய், அவள் தகடு வரும்வரை பொறுக்கிறாள். இதைப் படிக்கும்போது உனக்கும் கொஞ்சம் வயிறு எரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எரியாவிட்டால் அதை எனக்குச் சொல்லிவிடாதே.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட காலம் வாழ வேண்டும், அம்மாவும் இதையே சொல்லி முத்தம் அனுப்புகிறாள். இருமலுக்கு டாக்டரைப் பார். காருக்கு இன்னும் நான்கு கதவு பாக்கி, டாம்சின் சனிக்கிழமையே வருகிறேன் என்கிறாள், நானும் சரி என்றுவிட்டேன். உனக்கு லீவு எப்போது என்று மறக்காமல் எழுது, தேதி தெரிந்தால் ஒரு கதவை மட்டும் அவள் கையில் கொடுக்காமல் வைத்திருப்பேன்.

உன் அப்பா,
ராஸ் ட்ரெஜென்சா