ஒன்பதில் இரண்டு

கியோத்தோ
ஜூன் 12, 2004

மதிப்புக்குரிய சச்சியோசான்,

மழை பிடித்துக்கொண்டது. தொத்தோரியிலும் அப்படித்தானே? பேரிக்காய்த் தோப்பும் உங்கள் கணவரும் நலம் என்று நம்புகிறேன். பதினாறு வருடங்களாகப் புத்தாண்டு அட்டை மட்டும் அனுப்பியவள் கடிதம் எழுதினால் பயமாக இருக்கும். சாவுச் செய்தி எதுவும் இல்லை.

நம் ஆய்வகத்தின் 54-ஆம் எண் ஈஸ்ட் நினைவிருக்கிறதா? செல் இரண்டாகப் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுமே, அதுதான். புரதங்களில் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ் நொதி அதில் இல்லை, அதனால்தான் பிரிவு முடியவில்லை என்று கட்டுரை எழுதினேன். அந்தக் கட்டுரையால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

போன வாரம் அந்த நொதியை ஒளிரவைத்துப் பார்த்தேன். நொதி குறையாமல் இருக்கிறது. குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிரின் முனையில் அது உட்கார வேண்டும். முனைப் புரதம் பழுதானதால் உட்கார இடமில்லாமல் செல்லின் உட்கருவெங்கும் அலைகிறது.

இதைத்தான் 1988-இல் நீங்கள் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. மன்னியுங்கள். என் கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு எழுதப் போகிறேன். முதலில் கண்டது நீங்கள் என்று அதில் பெயரோடு எழுத அனுமதி வேண்டும்.

தங்கள்
தொமோயே


தொத்தோரி
ஜூன் 25, 2004

தொமோயே சென்செய் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. பூச்சி அண்டாமல் காய்களுக்குக் காகிதப் பை கட்டும் நாட்கள் என்பதால் தாமதம். கழுத்து நிமிரவில்லை. அவருக்கு முழங்கால் வலி, அதனால் ஏணியும் என் பாடு.

உள்ளதைச் சொல்கிறேன். அன்று நான் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த ஸ்லைடுகள் ஒன்பது. இரண்டில்தான் நொதி தெரிந்தது. மற்ற ஏழில் ஒன்றுமே இல்லை. என் நோட்டில் எழுதியிருக்கிறேன், ஆய்வகத்தின் பழைய அலமாரியில் கிடக்கும். இரண்டை வைத்துக்கொண்டு நான் சொன்னதை நீங்கள் நம்பாதது தப்பில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்னது வேறு. நான், "நொதி இருக்குங்க, இடம்தான் தப்பிப்போச்சு"ன்னேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாத்திரம் கழுவுற வேலையப் பாருங்க சச்சியோசான், மத்தத நாங்க பாத்துக்கறோம்"னீங்க. ஆய்வகக் கூட்டத்தில் பதினாறு பேர். எல்லாரும் சிரித்தார்கள்.

அதை என்னிடம் தனியாகக் கடிதத்தில் மன்னிக்கச் சொல்கிறீர்கள். பெயர் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சச்சியோ


கியோத்தோ
ஜூலை 21, 2004

சச்சியோசான்,

இந்தத் தடவை வானிலை விசாரிக்காமல் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு கிடைத்தது. ஒன்பதில் இரண்டு. அன்று நான் எத்தனை ஸ்லைடு பார்த்தேன் என்று என் நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு. நான்குதான்!

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். நீங்கள் சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அன்று சிரித்தவர்களில் இருவர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர், "இவ்வளவு தூரம் போகணுமா? பிழைதிருத்தம்னு ரெண்டு வரி போட்டா போதாதா?" என்றார். "நாலு ஸ்லைடப் பார்த்துட்டு ஒம்பது பார்த்தவங்கள வாயடைச்சேன், அது ரெண்டு வரில வராது"ன்னேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்பிவிட்டேன். துறைத் தலைமைக்கு என் பெயரைச் சொல்லியிருந்தார்கள், இப்போது சொல்வதில்லை. வருத்தம் இல்லை என்றால் பொய். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றதால் பெயர் எழுதவில்லை. "ஆய்வக உதவியாளர் ஒருவர்" என்று போட்டிருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

தொமோயே


தொத்தோரி
ஆகஸ்ட் 3, 2004

தொமோயேசான்,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "என்ன பாத்திரம்? என்ன கூட்டம்? எங்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றார். கல்யாணத்துக்காக வேலையை விட்டவள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வேலையை விட்டதால்தான் அந்தப் பெண்பார்க்கும் பேச்சுக்கே சம்மதித்தேன் என்று நேற்றுத்தான் சொன்னேன். அப்புறம், "அப்போ அந்தம்மாவுக்கு நான்தான் நன்றி சொல்லணும், ஒரு பெட்டி பேரி அனுப்பு" என்றார். முதல் அறுவடை அடுத்த வாரம் வரும். தோல் சீவிக் குளிரவைத்துச் சாப்பிடுங்கள், சோறு இறங்காவிட்டாலும் இது இறங்கும்.

ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றெல்லாம் இல்லை. காலையில் ஏணி மேல் நிற்கும்போது தோன்றியது, எழுதுகிறேன். பெயரைப் போடுங்கள். ஒன்பதில் இரண்டு என்பதையும் மறைக்காமல் போடுங்கள்.

ஆனால் யமானே என்று வேண்டாம், அது இவர் குடும்பப் பெயர். அந்த ஸ்லைடுகளைப் பார்த்தவள் கல்யாணம் ஆகாத குவாதா சச்சியோ. அவள் பெயரையே எழுதுங்கள்.

குவாதா சச்சியோ