காயம் எங்கே என்று கேட்டார்கள், அண்ணே

என் உயிரான முருகேசு அண்ணே,

நீ போன பிறகு முதன்முதலாக உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதற்கு முன், நம் ஊர் ட்ராசாவில் இன்னும் தப்பாகவே பேசப்படும் அந்தக் கரும்பு வெட்டு நாளைப் பற்றி எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன்.

நீ லெபனானில் அமைதிப்படையில் இருந்து திரும்பிய அடுத்த வருஷம் அது. பக்கத்து வயலில், வெட்டுக்கு முன் காய்ந்த சோகையை எரிக்க, கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள். சோகை படபடவென்று வெடித்தது. நீ என் மகள் மீனாவைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தாய். அவள்மேல் கவிழ்ந்து படுத்தாய். கிட்டே வந்தவர்களை நோக்கிக் கரும்புக் கத்தியை ஓங்கினாய். பிள்ளை மூச்சு முட்டி அழுதாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சு, போலீசக் கூப்புடு!" என்று கத்தினார்கள். ஒருவன் கட்டையோடு உன் பின்பக்கமாக நகர்ந்தான்.

நான் இறங்கி, சேற்றில் உன் எதிரே படுத்தேன். "அண்ணே, சுடறது நின்னுருச்சு. புள்ளைய எங்கிட்ட குடு."

என்னை அடையாளம் தெரியாத பார்வை பார்த்தாய். பிறகு கேட்டாய்: "எல்லாரும் படுத்துட்டாங்களா?"

"படுத்துட்டாங்க அண்ணே."

அப்போதுதான் கத்தியை விட்டாய்.

அதன்பின் தலைவலி, மறதி, வலிப்பு. உன்னைப் பார்த்த டாக்டர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காயம் எங்கே?" என்றார். நங்கோனா வேர்ச்சாற்றைப் போதைக்குக் குடித்துக் கெட்டவன் என்றது ஊர். குளிக்கப் போன ஆற்றில் வலிப்பு வந்து நீ மூழ்கியபோதும் அதையேதான் சொன்னது. ஒருவராவது உன்னை உட்காரவைத்து, என்னப்பா நடந்தது என்று கேட்டிருக்கக் கூடாதா?

போன மாதம் லாமியிலிருந்து செமி வந்தார். லெபனானில் உன்னோடு ஒரே ராணுவ வண்டியில் போனவர், அங்கே ஒரு காலை இழந்தவர். நீ இறந்தது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம். ஃபிஜியின் பூர்வகுடிக்காரரானாலும் நம் ஃபிஜி இந்தியில்தான் பேசினார். கண்ணிவெடியில் வண்டி தூக்கி எறியப்பட்டதாம். நீ தலை மோதி நினைவில்லாமல் கிடந்தாயாம். விழித்ததும் அவரை வெளியே இழுத்துப் போட்டாயாம். ரத்தம் வரவில்லை என்பதால், "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மறுநாளே காவலுக்குப் போய்விட்டாயாம்.

"எல்லாரும் என் காலைப் பாத்தாங்க தங்கச்சி. அவன் தலைய யாரும் பாக்கல."

நானும் அவரும் தலைநகர் சுவாவுக்குப் போய் வேறொரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மூளையில் பட்ட அடிதான் உன்னை அப்படி ஆட்டிவைத்தது என்றார் அவர்.

நேற்று வீரர்களின் நினைவு நாள். கடமையில் காயம்பட்டு இறந்தவர்களோடு உன் பெயரையும் வாசிக்கக் கேட்டோம். பட்டியலை வைத்திருந்த ராணுவ அதிகாரி தயங்கினார். "இவர் வீட்டுல இருந்தப்பதானே செத்தார்?" என்றார். செமி ஊன்றுகோலோடு அவர் முன்னால் போய் நின்றார். "அடி அங்கேதான் பட்டுச்சு. கூட இருந்தவன் நான் சொல்றேன்."

அதிகாரி பேனாவை எடுத்து உன் பெயரைப் பட்டியலில் எழுதினார். பிறகு ஒலிபெருக்கியில் உன் முழுப் பெயரும் கேட்டது.

திரும்பும்போது நவுவாவிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்க்கா. வெளியே தெரிஞ்சா கேவலம்னு பூட்டி வச்சிருக்கோம்."

திங்கட்கிழமை நான் நவுவாவுக்குப் போகிறேன். அந்தப் பூட்டைத் திறந்து, அவரை டாக்டரிடம் நானே கூட்டிப் போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கை,
செல்லம்மா