பொங்கல்படியாக வந்த பேட்டரி

ஜனவரி 20, 2025 – திங்கள்

முதல் நாள் ரவுண்டு முடிந்தது. காலை ஆறு மணிக்குக் குமாரபுரத்தில் வீட்டை விட்டு இறங்கி, புலியூர்க்குறிச்சி, பத்மநாபபுரம், கல்குளம் என்று பதினோரு வீடு ஏறி ரத்தம் எடுத்து, எட்டு நாற்பதுக்குத் தக்கலை லேபில் பெட்டியை வைத்துவிட்டேன். முதலாளி ஷெர்லி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பஸ்ஸை நம்பி இருந்தவரை ஆறு வீட்டுக்கு மேல் போக முடிந்ததில்லை. இனி மகள் அஸ்வதியின் நர்சிங் ஹாஸ்டலுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

வண்டி என்று சொன்னால் சிரிப்பார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள்தான். பின்சக்கரத்தில் பழைய மோட்டார், ஹேண்டிலில் ஆக்சிலேட்டர், நடுக்கம்பியில் பேட்டரிப் பெட்டி. பேட்டரி மட்டும் புதுசு. தம்பி அனில்குமார் பிறந்த வீட்டுச் சீராகத் தந்த பொங்கல்படி. மணவாளக்குறிச்சியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறவன், அரிசி, கரும்பு, வாழைக்குலையோடு அதையும் கொண்டுவந்து இறக்கினான். நாற்பது செல்லைத் தன் கையால் அடுக்கிச் செய்தது.

"எக்கா, மூணு கிலோவுக்குள்ள ஒதுக்கியிருக்கேன். உனக்க கைக்கு அதுக்கு மேல ஆகாதுல்லா?"

என் வலது மணிக்கட்டு ஒடிந்து சேர்ந்தது. தினமும் பெட்டியைக் கழற்றி உள்ளே தூக்கிவந்துதான் சார்ஜ் போட வேண்டும். அதை நினைத்துச் செய்திருக்கிறான். இசக்கி கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், இரண்டு கிலோ எண்ணூறு. நாளைக்கு வேண்டியிருக்கும், எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 9 – ஞாயிறு

வண்டிக்கு மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் கிடையாது. நானே போட்ட சட்டம். ஆகவே செயினுக்குத் தையல் மெஷின் எண்ணெய். மட்கார்டு உடைந்த இடத்தில் தண்ணீர்க் கேனை வெட்டி வைத்துக் கட்டினேன். ரத்தப் பெட்டி குலுங்காமல் இருக்க அடியில் ரப்பர் ஷீட் துண்டு, பக்கத்து எஸ்டேட்டில் சும்மா கேட்டு வாங்கியது. மோட்டார் இழுப்பதால் பின்சக்கரத்துக் கம்பிகள் தளர்கின்றன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாக வருவதை முறுக்க வேண்டும். இரண்டு ஞாயிறில் கை பழகிவிட்டது.

முத்துநாயகம் (என் வீட்டுக்காரர். நோட்டில் பேரைச் சொன்னால் ஒன்றும் ஆகாது) வாசலில் நின்று பார்த்தார். "கெட்டுன மாப்பிளைக்கு ஒரு நாளு இப்பிடி எண்ண தேச்சு விட்டிருக்கியாட்டி?"

முழுச் சார்ஜில் முப்பத்து நாலு கிலோமீட்டர் ஓடுகிறது. என் ரவுண்டு இருபத்தாறுதான். ராணி மாதிரி போய் வருகிறேன்.

மார்ச் 27 – வியாழன்

அனில் வந்தான். "செல்லு எல்லாம் ஒருபோல நிக்குதான்னு பாக்கணும் எக்கா. ரெண்டு நாளு தா." பேட்டரியைக் கொண்டுபோனான். கூப்பிடாமலே வந்து பார்க்கிறான். கூடப் பிறந்தவன் இருந்தால் இப்படி இருக்க வேண்டும்.

மார்ச் 30 – ஞாயிறு

பேட்டரி வந்துவிட்டது. பெட்டிக்குப் புது டேப் எல்லாம் சுற்றியிருக்கிறான். "பிரிச்சிராத, ஷாக் அடிக்கும்" என்று எச்சரிக்கை வேறு. முன்பு ஐந்து மணி நேரம் ஏறிய சார்ஜ் இப்போது இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறது! கரண்டும் மிச்சம். அவன் கைராசி.

ஏப்ரல் 8 – செவ்வாய்

கல்குளத்தில் நின்றுவிட்டது. பதினேழு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. மோட்டாரோடு சேர்த்து அந்தச் சுமையை மிதித்துத் தள்ளி லேபுக்குப் போனபோது ஒன்பது முப்பத்தைந்து.

"சபிதா, ரத்தத்துக்கு நேரம் உண்டு, கேட்டியா" என்றார் ஷெர்லி மேடம்.

ஏப்ரல் 20 – ஞாயிறு

இரண்டு வாரமாக ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுகிறேன். டயரில் காற்றுக் குறைவா? ஏற்றினேன். பிரேக் கட்டை உரசுகிறதா? சீவினேன். சக்கர அச்சுக்குள் கிடந்த பால்ஸ் குண்டுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்தேன். குடையையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் வீட்டில் விட்டேன். பிறகு நானேதான் கனமா என்று லேபில் எடை மெஷினில் ஏறி நின்றேன். அறுபத்து நாலு. இரவு தோசையை ஒன்றாகக் குறைத்திருக்கிறேன்.

மேட்டில் எல்லாம் மிதித்தும் பத்தொன்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அனிலுக்கு போன் போட்டேன். "வெயிலு எக்கா. வெயிலுல செல்லு தளரும்."

மே 6 – செவ்வாய்

பத்மநாபபுரம் பூதலிங்கம் சார். ரிட்டையர்டு தாசில்தார், சர்க்கரை நோய்க்காரர். சாப்பிடாமல் ஒன்பதரை வரை எனக்காகக் காத்திருந்தார்.

"சுகரு பாக்க வந்தியா, பட்டினி போட்டுக் கொல்ல வந்தியா?"

அவர் நரம்பு லேசில் அகப்படாது. எனக்கு முதல் குத்திலேயே கிடைத்தது. அதற்காக அவர் கோபம் குறையவில்லை. குறையவும் கூடாது. தப்பு என்னுடையது.

ஜூன் 11 – புதன்

அடைமழை. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரை வெட்டி பேட்டரிக்கு உறை தைத்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனாலும் பதினாறிலேயே நின்றது. அனில், "மழ எக்கா. ஈரம் பிடிச்சிருக்கும்" என்கிறான்.

ஷெர்லி மேடம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். திங்கள் முதல் பத்மநாபபுரமும் கல்குளமும் என்னைப் போல ரத்தம் எடுக்கிற தன்யாவுக்கு. அவளிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. எனக்கு இனி ஐந்து வீடு.

பஸ்ஸில் போனபோதுகூட ஆறு இருந்தது.

ஜூன் 14 – சனி

சண்டை. வீட்டுக்காரர்தான் தொடங்கினார்.

"ஏட்டி, சைக்கிள்ல ஒரு ஆணி பாக்கியில்லாம பிரிச்சாச்சு. அந்தப் பெட்டிய மட்டும் என்னத்துக்குத் தொடாம வச்சிருக்க?"

"அது எனக்க தம்பி தந்த படி. பொறந்த வீட்டுப் படியில யாராவது குத்தம் பாப்பாவளா?"

"குத்தம் பாக்கச் சொல்லல்ல. தொறந்து பாக்கச் சொல்லுகேன்."

"உங்க தங்கச்சிக்கு ஒரு கரும்புத் துண்டாவது நீங்க கொண்டு குடுத்திருக்கேளா?"

சொல்லியிருக்கக் கூடாது. கொத்தனார் வேலையில் கிடைக்கிற கூலியில் அவரால் ஆகாதது என்று எனக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இசக்கி கடைக்குப் பெட்டியைத் தூக்கிப்போய் நிறுத்தேன். இரண்டு கிலோ எண்ணூறு. ஒரு கிராம் மாற்றமில்லை! அவர் திரும்பி வந்ததும் நோட்டை விரித்து, ஜனவரி மாதத்துப் பக்கத்தை முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

ஜூலை 2 – புதன்

ஹாஸ்டல் பணத்துக்கு வளையல் பாங்குக்கு அடகு போனது.

ஜூலை 6 – ஞாயிறு

நேற்று புலியூர்க்குறிச்சி இறக்கத்தில் வண்டி சரிந்தது. பேட்டரிப் பெட்டியின் மூலை கீறிவிட்டது. இன்று சார்ஜ் போடத் தூக்கியபோது அடுக்களைத் தரையில் கறுப்பாக ஏதோ கொட்டியது. செல் கருகிவிட்டது என்று அலறிவிட்டேன்.

அவர் வந்து குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கிடையில் உரசினார். "கரியில்லட்டி. மண்ணு. மணவாளக்குறிச்சி கடப்பொறத்துக் கருமண்ணு."

கொத்தனாருக்கு மண் தெரியாதா?

டேப்பை அறுத்து நாலு ஸ்குருவையும் நானே கழற்றினேன். நாற்பது செல் இருந்த இடத்தில் இருபது. மீதி இடத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் மண், வாய் கட்டி, வரிசையாக. சும்மா ஆற்று மணல் என்றால் அந்த இடத்துக்கு அத்தனை கனம் வராதாம். கருமண் இரும்பு மாதிரி. தேடி எடுத்திருக்கிறான். நிறுத்து நிறுத்துக் கட்டியிருக்கிறான்.

"சொன்னேன்லா" என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினார்.

ஏலே அனிலு. எனக்கா லே? எனக்கா?

ஜூலை 7 – திங்கள்

திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போவான், அத்தோடு போச்சு. இவன் என் கையை யோசித்திருக்கிறான். அக்கா தினமும் தூக்குவாள், குறைந்தால் அவள் கைக்குத் தெரிந்துவிடும் என்று. என் ஒடிந்த கையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் யோசித்ததில்லை.

சீக்கிரம் சார்ஜ் ஏறுகிறது என்று கைராசி பாராட்டினேனே! பாதிப் பானை சீக்கிரம் நிறையாதா? மூதி. நான்தான் மூதி. தோசையைக் குறைத்தேனாம்.

ஜூலை 13 – ஞாயிறு

மணவாளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போனேன். சிறுநீர் சாம்பிள் எடுக்கிற டப்பாவில் அந்த மண்ணைப் போட்டு, லேபில் ஒட்டுவது போலவே சீட்டு ஒட்டியிருந்தேன். பெயர் அனில்குமார், வயது முப்பத்தைந்து, தேதி. அவன் கடை மேஜையில் வைத்தேன்.

"என்ன டெஸ்ட் எடுக்கணும்னு நீயே சொல்லு."

முகம் செத்துவிட்டது. "எக்கா, ஒரு ஸ்கூட்டர்க்காரனுக்கு அவசரமா பேட்டரி குடுக்க வேண்டியிருந்து. புதுச் செல்லு வந்த உடனே திருப்பி வச்சிரலாம்னுதான்... பின்ன தள்ளித் தள்ளிப் போச்சு."

"கடையில எத்தன பேருக்க பேட்டரி கெடக்கு? எனக்குள்ளதுதான் கிடைச்சுதா?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "வெளியாளுன்னா பிரிச்சுப் பாப்பான். நீ பாக்கமாட்டேல்லா."

வெயில் என்று சொன்னபோதும் மழை என்று சொன்னபோதும் அவனுக்குத் தெரியும். என் வேலை பாதியாகப் போனதும் தெரியும். போனில் நான்தானே அழுதேன்?

இருபது செல்லை எடுத்து நீட்டினான். வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான், என் பொருளை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று தோன்றியது. ரோஷம் வயிற்றை நிறைக்குமா? ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

ஆகஸ்ட் 19 – செவ்வாய்

பூதலிங்கம் சார் லேபுக்கு போன் போட்டிருக்கிறார். தன்யா மூன்று இடத்தில் குத்தினாளாம். "அந்த சைக்கிள்காரி பிந்தி வந்தாலும் ஒரே குத்துதான். அவள அனுப்புங்க" என்றாராம்.

மேடம் பழைய ரவுண்டையே எனக்குத் திருப்பித் தந்தார். இன்று போனேன். பேட்டரி கதையைச் சுருக்கமாகச் சொன்னேன், தம்பி என்று சொல்லவில்லை. "தெரிஞ்ச ஒருத்தன்" என்றேன். அவர் வராந்தாவில் இருந்த பிளக்கைக் காட்டினார். "முதல்ல இங்க வா. எனக்கு எடு. சார்ஜில போட்டிட்டு அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் நடந்து போயிட்டு வந்து எடுத்துக்கோ."

பத்மநாபபுரத்து வீடுகள் ஐந்தும் நடந்து போகிற தூரம்தான். முக்கால் மணி நேரம் ஏறினால், மேட்டில் மட்டும் மிதித்தால், மீதி தூரத்துக்குப் போதும். எட்டு ஐம்பத்தைந்துக்கு லேப். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மண்ணைக் கொட்டிய பிறகு பெட்டி ஒரு கிலோ போல லேசு. தூக்கும்போதெல்லாம் அது தெரிகிறது.

ஜனவரி 13, 2026 – செவ்வாய்

அனில் படி கொண்டுவந்தான். வரமாட்டான் என்றிருந்தேன். கரும்பு, வாழைக்குலை, தேங்காய், ஒரு சாக்குப் பச்சரிசி. இவர் "வா மக்கா, இரி" என்றார். நான் சாயா போட்டுக் கொடுத்தேன். பொறந்த வீட்டுப் படியைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"வண்டி எப்பிடி ஓடுகு எக்கா?"

"ஓடுகு."

அரிசிச் சாக்கை அவனே அடுக்களையில் இறக்கிவைத்துவிட்டுக் கை கழுவப் போனான். நான் கட்டை அவிழ்த்தேன். எதற்கு என்று யோசிக்கவே இல்லை. கையை உள்ளே விட்டேன், முழங்கை வரைக்கும், அதற்கு மேலும், சாக்கின் அடி விரலில் தட்டுகிற வரைக்கும்.

நிமிர்ந்தபோது அவன் ஈரக் கையோடு நடையில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்காமல், இன்னொரு மூலையையும் தடவிப் பார்த்தேன்.

அடி வரைக்கும் நல்ல அரிசிதான்.